பன்னிரண்டே முக்காலுக்கு மேசை: இங்கிலாந்தில் வாராந்திர நடைக் குழு நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் குழுவில் பதினான்கு பேர். ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், நர்ஸாக இருந்த இரண்டு பெண்கள், ஒரு கணக்கு வாத்தியார், ஹாரோவில் கடை வைத்திருந்த குஜராத்தித் தம்பதி, என்னையும் சேர்த்துத் தமிழர் மூவர், மற்றவர்கள் இங்கேயே பிறந்து வளர்ந்த ஆங்கிலேயர்கள். ஏழு வருஷமாக ஒவ்வொரு புதன்கிழமையும் லண்டனைச் சுற்றியுள்ள கிராமப்புறத்தில் ஏழு மைல் போல நடக்கிறோம். நடுவில் ஒரு கிராமத்துப் பப்பில் உட்கார்ந்து மதியம் சாப்பிடுகிறோம். இதுபோல நாமும் தொடங்கலாமா என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அவர்களுக்காக எனக்குத் தெரிந்ததை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் அழகான பாதையைத் தேடுவார்கள். அப்புறம்தான் வழியில் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று பார்ப்பார்கள். தலைகீழாகச் செய்யுங்கள் என்பேன். முதலில் சாப்பாட்டு மேசையை முடிவு செய்யுங்கள். பாதை, நேரம், ரயில் எல்லாம் அதற்குப் பிறகு.

இதை நாங்கள் கற்றுக்கொண்டது ஒரு நவம்பர் மாத மழையில். பதினோரு பேர், முழங்கால் வரை சேறு, பப் கதவைத் திறந்து உள்ளே போகும்போது மணி இரண்டு நாற்பது. சமையலறையை இரண்டரைக்கே மூடிவிட்டார்கள். அன்றைக்கு எல்லோருக்கும் சிப்ஸ் பாக்கெட்தான் மதியச் சாப்பாடு. அடுத்த வாரம் இரண்டு பேர் வரவில்லை, அப்புறமும் வரவில்லை. பாதையில் குறை இல்லை, மழையையும் அவர்கள் பொருட்படுத்தவில்லை. நனைந்து நடந்தபின் சூடாக உட்கார்ந்து சாப்பிடக் கிடைக்கவில்லை என்பதுதான் அவர்களை விரட்டியது.

இன்னொரு காரணமும் உண்டு. வயல் ஓரப் பாதைகள் குறுகலானவை. ஒருவர் பின் ஒருவராகவோ இரண்டிரண்டு பேராகவோதான் போக முடியும். எல்லோரும் ஒன்றாக முகம் பார்ப்பது மேசையில் மட்டுமே. எங்கள் தபால்காரர் மனைவியை இழந்த மூன்றாவது வாரம் நடைக்கு வந்தார். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. பப்பில் சூப் வந்தபிறகு மருத்துவமனையில் கழிந்த கடைசி நாட்களைப் பற்றி மெல்லப் பேசத் தொடங்கினார். அன்று யாரும் ரயில் நேரத்தைப் பார்க்கவில்லை.

கிழமையும் ஆட்களும்

ஆறு பேர் இருந்தால் தொடங்கிவிடலாம். பதினாறுக்கு மேல் போனால் பப்பில் ஒரே மேசை கிடைக்காது, நடையிலும் முன்னால் இருப்பவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் நடுவே அரை மைல் விழுந்துவிடும்.

கிழமையை ஒருமுறை முடிவு செய்தால் மாற்றாதீர்கள். மழை, குளிர், ஆள் குறைவு, எதுவானாலும் நடை உண்டு. நான்கு பேர் வந்தாலும் நான்கு பேர் நடக்க வேண்டும். "இந்த வாரம் இருக்கிறதா?" என்று யாரும் கேட்க வேண்டியிராத நிலை வந்தபிறகுதான் அது குழுவாகிறது. நாங்கள் புதனைப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. திங்கள், செவ்வாயில் பல கிராமத்துப் பப்புகள் மூடியிருக்கும், அல்லது சமையல் இருக்காது. வெள்ளிக்கு மேல் கூட்டம். ஞாயிறு மதியம் ரோஸ்ட் என்னும் வாட்டிய இறைச்சிச் சாப்பாட்டுக்கு ஊரே வந்துவிடும், பெரிய மேசை கிடைப்பது கஷ்டம். வேலைக்குப் போகிறவர்களுக்குச் சனிக்கிழமைதான் சரிப்படும். அப்படியானால் மேசையை இரண்டு வாரம் முன்பே சொல்லி வையுங்கள்.

பப்பைத் தேர்ந்தெடுப்பது

நம்மில் பலருக்குப் பப் என்றதும் இருட்டும் இரைச்சலும்தான் நினைவுக்கு வரும். என் மனைவி முதல் இரண்டு மாதம் வர மறுத்ததும் அதனால்தான். கிராமத்துப் பப் வேறு வகை. கணப்பு அடுப்பு, தாழ்ந்த உத்தரம், மூலையில் செய்தித்தாள் படிக்கும் பெரியவர், மேசைக்கடியில் தூங்கும் நாய். நம் ஊர் டீக்கடை பெஞ்சுக்கு இருக்கும் இடம் இங்கே அதற்கு இருக்கிறது. குடித்தே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். எங்களில் ஐந்து பேர் எலுமிச்சைச் சாறு கலந்த சோடாதான் குடிக்கிறார்கள்.

நடைக்கு மூன்று நான்கு நாள் முன்பு போன் செய்யுங்கள். கேட்க வேண்டியவை இவை: அன்று சமையல் உண்டா, கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு, பதினான்கு பேருக்கு ஒரே மேசை போட முடியுமா, சேற்று பூட்ஸோடு வரலாமா, நாய் வரலாமா, தனித்தனியாகப் பணம் கட்டலாமா, சைவம் என்ன இருக்கிறது. கார் வைத்திருப்பவர்கள் பப்பின் கார் நிறுத்தத்தில் காலையிலேயே விட்டுச் செல்ல அனுமதி கேட்க வேண்டும். சாப்பிடத்தான் வருகிறோம் என்றால் பெரும்பாலும் சரி என்பார்கள். கேட்காமல் விட்டுவிட்டுப் போவது மரியாதை இல்லை.

பதினான்கு பேர் திடுதிப்பென்று போய் ஆளுக்கொன்று சொன்னால் சின்னச் சமையலறை திணறிவிடும், ஒன்றரை மணி நேரம் ஓடிவிடும். அதனால் திங்கள் மாலைக்குள் எல்லோரும் வாட்ஸ்அப்பில் தங்களுக்கு வேண்டியதைச் சொல்லிவிடுவார்கள். அன்றைய லீடர் செவ்வாய் காலை பட்டியலைப் பப்புக்குக் கொடுத்துவிடுவார். என்ன சொன்னோம் என்பது புதன்கிழமை பாதிப் பேருக்கு நினைவிருக்காது. எங்கள் கணக்கு வாத்தியார் ஆளுக்கொரு சின்னச் சீட்டில் பெயரையும் உணவையும் எழுதிக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிடுவார். பரிமாறுபவருக்கு அது பெரிய உதவி.

என்ன சாப்பிடுவது? மீதி மூன்று மைல் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். எண்ணெயில் பொரித்த மீனும் சிப்ஸும் பெரிய தட்டில் வரும், அதற்குப்பின் மேட்டில் ஏறுவது சிரமம். சூப்பும் ரொட்டியும், தோலோடு சுட்ட ஜாக்கெட் உருளைக்கிழங்கு, ப்ளௌமன்ஸ் லன்ச் இவை நடப்பவர்களுக்குத் தோதானவை. ப்ளௌமன்ஸ் என்றால் உழவர் சாப்பாடு: சீஸ், தடித்த ரொட்டி, வெங்காய ஊறுகாய், புளிப்பும் இனிப்பும் கலந்த பிக்கிள். அந்தப் பெயரைப் பரப்பியவர்கள் 1950களிலும் 60களிலும் சீஸ் விற்பனையைப் பெருக்க முனைந்தவர்கள். சாப்பாடு பழசு, பெயர் அவ்வளவு பழசில்லை.

பாதையும் மேப்பும்

இங்கிலாந்தில் இப்படி நடக்க முடிவதே அடுத்தவர் நிலத்தின் வழியாகப் போகப் பொதுமக்களுக்குச் சட்டப்படி உரிமை இருப்பதால்தான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்துச் சுமார் 1,40,000 மைல் பொதுப் பாதைகள் இருக்கின்றன. பல பாதைகள் நூற்றாண்டுகளாக ஜனங்கள் நடந்து உண்டானவை. தேவாலயத்துக்கு, ஆலைக்கு, சந்தைக்குப் போன வழிகள். ஆனால் திறந்த மேட்டு நிலங்களில் நடக்கும் உரிமை லேசில் கிடைக்கவில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் தடையை மீறிக் கிண்டர் ஸ்கவுட் மேட்டில் ஏறினார்கள். சிலர் சிறைக்கும் போனார்கள். 1949ல் வந்த சட்டம் பொதுப் பாதைகளை மேப்பில் பதிவு செய்ய வைத்தது, 2000ல் வந்த சட்டம் திறந்த நிலங்களில் நடக்கும் உரிமையைத் தந்தது. ஒரு வயலைக் குறுக்கே கடக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவு வரும்.

போன் போதும் என்று நினைக்காதீர்கள். பள்ளத்தாக்கில் சிக்னல் இருக்காது, குளிரில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் மேப்பை வாங்குங்கள், ஆரஞ்சு அட்டை போட்டது. 1:25,000 அளவு, அதாவது 4 செ.மீ. ஒரு கிலோமீட்டர். ஒவ்வொரு வேலியும் அதில் கோடாகத் தெரியும். பச்சை நிறத்தில் சின்னச் சின்னக் கோடுகளாகப் போவது நடைபாதை, நீளமான பச்சைக் கோடுகள் குதிரையும் சைக்கிளும் போகக்கூடிய பிரைடில்வே. நீல நிறத்தில் ஒரு சின்ன பீர்க் கோப்பை தெரிந்தால் அங்கே பப். என் மேப்பில் முதலில் தேய்ந்துபோனது அந்தக் கோப்பைகளைச் சுற்றியுள்ள மடிப்புகள்தான்.

தரையில் பார்க்க வேண்டியது அம்புக்குறி. மஞ்சள் அம்பு நடைபாதை, நீலம் பிரைடில்வே. வயலின் நடுவே போகும் பாதையை விவசாயி உழுதுவிட்டால், பதினான்கு நாளுக்குள் திரும்பச் சரிசெய்து கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பயிர் மறைத்திருந்தாலும் பாதையின் கோட்டிலேயே ஒற்றை வரிசையில் நடங்கள். பாதை அடைபட்டிருந்தால் விவசாயியோடு வாக்குவாதம் வேண்டாம். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, கவுன்டி கவுன்சிலுக்குத் தெரிவித்துவிடுங்கள். கேட்டைப் பார்த்தபடியே விட்டுப் போக வேண்டும். மூடியிருந்தால் மூடுங்கள், திறந்திருந்தால் திறந்தபடி விடுங்கள்.

பின்னோக்கிக் கணக்கு

மேசை பன்னிரண்டே முக்காலுக்கு. பூட்ஸ் கழற்ற, கை கழுவப் பத்து நிமிடம். ஆகவே பன்னிரண்டு முப்பத்தைந்துக்குப் பப் வாசலில் இருக்க வேண்டும். சாப்பாட்டுக்கு முன்னால் நாலரை மைல், அப்புறம் மூன்று மைல் என்று பிரிப்பது எங்கள் வழக்கம்.

நேரத்தைக் கணக்கிட ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892ல் சொன்ன விதியை இன்றும் எல்லோரும் சொல்வார்கள்: மணிக்கு மூன்று மைல், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம். அதாவது பத்து மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு நிமிடம். தனியாகப் போகும் திடகாத்திரமான ஆளுக்கு அது சரி. குழுவுக்குச் சரிவராது. நாங்கள் நின்று மூச்சு வாங்கும் நேரத்தையும் சேர்த்து மணிக்கு இரண்டு மைல் என்று போடுகிறோம்.

ஏன் இவ்வளவு குறைவு? வேலியைத் தாண்ட வைத்திருக்கும் மரப்படியை ஸ்டைல் என்பார்கள். முழங்கால் வலி உள்ளவர் கைத்தடியை அடுத்தவரிடம் கொடுத்து, கம்பத்தைப் பிடித்து, ஒரு காலைத் தூக்கிப் போட்டு, திரும்பி இறங்க அரை நிமிடம் ஆகும். பதினான்கு பேருக்கு ஏழு நிமிடம். வழியில் ஆறு ஸ்டைல் இருந்தால் முக்கால் மணி நேரம் போல அங்கேயே போய்விடும். பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது மைலை எண்ணுவதைப் போலவே ஸ்டைலையும் எண்ணுங்கள்.

நாலரை மைலுக்கு இரண்டே கால் மணி நேரம். ஆகவே பத்து இருபதுக்குக் கிளம்ப வேண்டும், ரயில் பத்து பத்துக்குள் வந்து சேர வேண்டும். கணக்கு அவ்வளவுதான். லண்டனுக்கு வெளியே பிரதான ரயில்களில் மூன்று முதல் ஒன்பது பேர் வரை கூட்ட நேரம் தவிர்த்து ஒன்றாகப் போனால், பல கம்பெனிகளில் குரூப்சேவ் என்று மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி உண்டு. 60 வயதானவர்களுக்குச் சீனியர் ரயில்கார்டு.

ரெக்கி

லீடராக இருப்பவர் இரண்டு வாரத்துக்குள் அந்தப் பாதையை ஒருமுறை நடந்து பார்த்துவிட வேண்டும். அதை ரெக்கி என்கிறோம். தனியாகப் போகாதீர்கள், துணைக்கு ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள், விழுந்து கிடக்கும் மரம், உடைந்த பாலம், மாடு நிற்கும் வயல் எல்லாவற்றையும் எழுதுங்கள். பாதி வழியில் அவசரமாகக் குறுக்கே திரும்பி வர ஒரு வழியையும் பார்த்து வையுங்கள். அந்தப் பப்பிலேயே சாப்பிடுங்கள். ரெக்கிக்கு நேரமில்லை என்றால் முன்பு நடந்த பாதையையே திரும்ப நடக்கலாம். பருவம் மாறினால் அதே பாதை வேறாகத் தெரியும்.

நடக்கும் நாள்

முன்னால் லீடர், கடைசியில் பேக் மார்க்கர் என்று ஒருவர். பேக் மார்க்கருக்கு முன்னால்தான் எல்லோரும் இருக்க வேண்டும். பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும், ஒவ்வொரு கேட்டிலும் லீடர் நின்று, கடைசி ஆள் கண்ணில் படும்வரை நகரக்கூடாது. ஒதுங்கப் போகிறவர் பையைப் பாதை ஓரத்தில் வைத்துவிட்டுப் போவார். பையைப் பார்த்தால் பேக் மார்க்கர் நின்றுவிடுவார். இந்த ஏற்பாடு வருவதற்கு முன் ஒரு பெண்மணியை ஒரு காட்டில் நாற்பது நிமிடம் தேடியிருக்கிறோம். அவரைவிட நாங்கள்தான் பயந்துபோனோம்.

மெதுவாக வருபவருக்காக நிற்கும்போது, அவர் வந்து சேர்ந்ததும் உடனே கிளம்பாதீர்கள். அவருக்குத்தான் ஓய்வு தேவை, அவர் மூச்சு வாங்கிய பிறகு கிளம்புங்கள். முன்னால் நடப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இனி மாடுகள். நம் ஊர் மாடு போல என்று அலட்சியமாக இருக்கக்கூடாது. கன்றோடு இருக்கும் பசு, நாயைக் கண்டால் மிரண்டு துரத்தும். பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே போகாதீர்கள். ஓடாதீர்கள், சேர்ந்து நிதானமாக, ஓரமாகச் சுற்றிப் போங்கள். நாயைச் சின்னக் கயிற்றில் பிடித்திருங்கள், ஆனால் மாடு துரத்தி வந்தால் கயிற்றை விட்டுவிடுங்கள். நாய் ஓடித் தப்பித்துக்கொள்ளும், மாட்டின் கோபமும் அதன் மேல்தான்.

லீடரிடம் எல்லோருடைய வீட்டு எண்ணும் இருக்க வேண்டும். அவரவர் மாத்திரை அவரவர் பையில். அவசரத்துக்கு 999. பேச்சுக்குச் சிக்னல் போதாத இடத்தில் குறுஞ்செய்தி போகலாம், ஆனால் அதற்கு முன்பே பதிந்திருக்க வேண்டும். ரெஜிஸ்டர் என்ற ஆங்கிலச் சொல்லை 999க்கு அனுப்பி, வரும் பதிலின்படி செய்தால் போதும். இதைப் படித்து முடித்ததும் செய்துவிடுங்கள்.

பப்புக்குள்

வாசலிலேயே பூட்ஸைக் கழற்றுங்கள். காலுறையோடு பப்பில் உட்காருவதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். கழற்ற முடியாதவர்கள் பூட்ஸ் மேல் பிளாஸ்டிக் பையை மாட்டிக் கட்டிக்கொள்ளலாம். பையில் ஒரு ஜோடி உலர்ந்த காலுறை இருக்கட்டும். ஈரக் காலுறையைக் கழற்றிவிட்டு அதைப் போட்டுக்கொள்ளும் சுகம் சொல்லி முடியாது.

குடிக்க வேண்டியதைக் கவுன்டரில் போய்ச் சொல்லி, அங்கேயே பணம் கட்டி, நீங்களே எடுத்து வர வேண்டும். மேசையில் உட்கார்ந்து காத்திருந்தால் யாரும் வரமாட்டார்கள். ஒருவர் எல்லோருக்கும் வாங்கித் தரும் ரவுண்ட் வழக்கம் நாலு பேருக்குள் அழகு, பதினான்கு பேருக்கு வேண்டாம். செலவும் கூடும், திருப்பி வாங்கித் தர வேண்டுமே என்று சிலர் குடிக்கவும் நேரும். நடுவழியில் அரை பைன்ட், அதாவது 284 மில்லி, தாராளம். கார் ஓட்டுபவர் அதையும் தவிர்க்கட்டும். கிளம்பும்போது ஆளுக்கு ஒரு பவுண்ட் சேர்த்துச் சமையலறைக்குக் கொடுத்துவிடுவோம். அடுத்த வருஷம் போன் செய்யும்போது எடுப்பவரின் குரலில் அந்த மகிழ்ச்சி தெரியும்.

குளிர்காலம்

டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அப்போது நடையை ஐந்து மைலாகக் குறைத்து, முழுவதையும் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிட்டு, பப்பிலிருந்து நேராக ரயிலுக்குப் போய்விடுங்கள்.

ஒரு நடை, உதாரணத்துக்கு

முதல் நடைக்கு நான் எப்போதும் சொல்வது செஸ் பள்ளத்தாக்கு. லண்டன் அண்டர்கிரவுண்டின் மெட்ரோபாலிட்டன் லைனில் சால்ஃபன்ட் அண்ட் லாட்டிமர் நிலையத்தில் இறங்கினால், சற்று நேரத்தில் காட்டு வழியாக ஆற்றுக்கு இறங்கிவிடலாம். செஸ் ஒரு சுண்ணாம்பு ஓடை. தரைக்கடியில் சுண்ணாம்புப் பாறையில் வடிகட்டி வரும் தண்ணீர், அடியில் அசையும் பாசி இழை இழையாகத் தெரியும். உலகத்திலுள்ள இத்தகைய ஓடைகளில் பெரும்பகுதி இங்கிலாந்தில்தான் இருக்கிறது. எதிரே மேட்டில் தெரியும் லாட்டிமர் மாளிகை, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் கைதிகளின் பேச்சை ரகசியமாக ஒட்டுக்கேட்ட இடம்.

லாட்டிமர் கிராமத்துப் புல்வெளியில் ஒரு குதிரையின் இதயத்தைப் புதைத்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்கப் போரில் 1900ல் இறந்த ஒரு பிரெஞ்சுத் தளபதியின் குதிரை அது. இங்கே கொண்டுவரப்பட்டு 1911 வரை வாழ்ந்தது. அங்கிருந்து பள்ளத்தாக்கோடு கிழக்கே போனால், வயல் ஓரத்தில் தனியாக ஒரு செங்கல் கல்லறை. வில்லியம் லிபர்ட்டி என்ற செங்கல் செய்பவர், 1777ல் இறந்தவர். புதியவர்கள் வந்தால் இந்த இரண்டு இடத்திலும் நிறுத்திக் கதை சொல்வோம், மூச்சு வாங்கவும் அது தோது. தலைக்கு மேல் பிளவுபட்ட வாலோடு வட்டமிடுவது ரெட் கைட் என்ற பருந்து. இங்கிலாந்தில் அழிந்துபோயிருந்த அதை, 1989க்கும் 1994க்கும் இடையே ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்து இந்தச் சில்டர்ன் குன்றுகளில் விட்டார்கள். இன்று அண்ணாந்து பார்க்காமல் நடக்க முடியாத அளவு பெருகிவிட்டது.

சாரட் பாட்டம் தாண்டி வலுவான ஒரு ஏற்றம். ஏறி முடித்தால் சர்ச் எண்ட், பன்னிரண்டாம் நூற்றாண்டு தேவாலயம், எதிரே காக் இன் என்ற பழைய பப். நிலையத்திலிருந்து நாலு மைலுக்குச் சற்று மேல். சாப்பிட்டபின் சீனிஸ் கிராமம் வழியாக, செங்கல் புகைபோக்கிகள் நிறைந்த மேனர் மாளிகையைப் பார்த்துக்கொண்டே நிலையத்துக்குத் திரும்பினால் இன்னும் மூன்று மைல். மே தொடக்கத்தில் போனால் காடு முழுக்க நீலமணிப் பூக்கள்.

அன்று மாலையே

ரயிலில் திரும்பும்போதே அடுத்த வாரத்து லீடர் யார், எந்தப் பப் என்பது முடிவாகிவிட வேண்டும். மூன்று மாதத்துக்கு முன்பே முறைப் பட்டியல் போட்டு வைத்தால் ஒரே ஆளின் தலையில் எல்லாம் விழாது. ஒருவரை நம்பி நடக்கும் குழு, அவர் காய்ச்சலில் படுத்தால் நின்றுவிடும். எங்களில் எல்லோரும் வருஷத்துக்கு மூன்று நான்கு முறை லீடர். மேப் படிக்கத் தெரியாது என்றவர்களுக்கும் கூட நடந்து கற்றுக்கொடுத்துவிட்டோம். வீடு வந்ததும் அடுத்த வாரத்து லீடர் அனுப்பும் செய்தி இப்படி இருக்கும்:

"அடுத்த புதன். பாக்ஸ் ஹில் அண்ட் வெஸ்ட்ஹம்பிள் நிலையம், 10.20க்குக் கிளம்புகிறோம். மழை அதிகமென்றால் மோல் ஆற்றுப் படிக்கற்கள் மூழ்கியிருக்கும், பக்கத்து நடைபாலத்தில் போவோம். மேலே போக 270க்கு மேல் படிகள், அவசரமே இல்லை. ஸ்டைல் இரண்டுதான். சாப்பாடு மிக்கிள்ஹாமில், 12.45. மெனு கீழே இருக்கிறது, திங்கள் மாலைக்குள் சொல்லிவிடுங்கள். பேக் மார்க்கருக்கு ஆள் வேண்டும், யார் வருகிறீர்கள்?"